ஐஸ்பெட்டிக்குக் காவல் கண்

கேள்வி: என் ஒட்டுக்கடை ஐஸ்பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று வீட்டிலிருந்தே கைப்பேசியில் பார்க்கக் கேமரா மாட்டியிருக்கிறேன். காப்புரிமை கிடைக்குமா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: கேமரா பழசு, பெட்டி பழசு, முடிச்சுப் போட்டது மட்டும் புதுசு. மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டம், 15ஆம் பிரிவில், அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ளவருக்கே இது பளிச்சென்று தோன்றுமா என்று பார்க்கிறது. சிசிடிவி மாட்டும் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். "இதுக்குப் போயி இவ்வளவு யோசிச்சீங்களாண்ணே?" என்றால் கதை முடிந்தது.

அதோடு, 1991இலேயே கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தார் காப்பிப் பானைக்கு எதிரே கேமரா வைத்துவிட்டார்கள். நடந்துபோய் வெறும் பானையைப் பார்த்துத் திரும்பிய எரிச்சல்தான்! 2001இல் கேமராவை நிறுத்தியதும் அந்தப் பானை 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. காப்பி சேர்த்தியில்லை.

விளக்கு மினுக்கும் விதத்தை வைத்தே என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க, யாருக்கும் தோன்றாத வழி ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் காப்புரிமை முகவரைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்ப்பது மட்டும் என்றால், 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரக் கடிகாரத்தை உங்கள் ஊரே அப்படித்தானே பார்க்கிறது!