கண்ணால் கேட்டல்: மின்கிட்டார் பிக்கப் மாற்றுவோர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மின்கிட்டாரின் டோன் பிடிக்காமல் பிக்கப்பை மாற்றுகிறவர்கள் புதியதைக் காதால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இத்துறையில் நெடுநாளாக நிலவும் கொள்கை. அது பொருந்தாது. என்னையெனின், விற்பனைக்கு வரும் பிக்கப் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. அட்டைப்பெட்டியிலிருந்து ஓசை எதுவும் வருவதில்லை. வாங்கி, பழையதைக் கழற்றி, சால்டர் வைத்து, தந்தி பூட்டிய பிறகே காதுக்கு முறை வருகிறது. அதற்குள் பணம் போய்விட்டது. ஆகவே தேர்வு என்னும் தொழிலைச் செய்யும் உறுப்பு கண்ணே என்க. கட்டுரையை இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒரு பத்தியில் முடியும் ஆராய்ச்சியை எவரும் மதிப்பதில்லை என்பதால் சான்றுகள் தொடர்கின்றன.

பொருளின் இலக்கணம் எளிது. காந்தம், அதைச் சுற்றி, தலைமுடிப் பருமனில் செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலங்கும், புலம் கலங்கினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டது இது. 1930களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் வாணலிபோன்ற ஒரு கிட்டாரில் இதைப் பொருத்தினார்கள். அதற்குப் பின் அடிப்படையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. விளம்பர வாசகங்கள் நிறைய மாறியிருக்கின்றன.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு குற்றம் உண்டு: தந்தியோடு சேர்த்து வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் அந்த மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. எனவே நம் ஊர் இரைச்சல் அவர்கள் இரைச்சலைவிட ஒரு சாதாரண காந்தார இடைவெளி தாழ்ந்து ஒலிக்கிறது. இந்த நயத்தை இசைவாணர்கள் இதுவரை கொண்டாடாதது வியப்பே. இரைச்சலைத் தீர்க்க, மிச்சிகனின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனப் பொறியாளர் செத் லவர் இரண்டு சுருள்களைத் துருவம் மாற்றி, திசை மாற்றி இணைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். இதுவே ஹம்பக்கர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிற்று. அடியில் 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்' என்று சிறு சீட்டு ஒட்டப்பட்டது.

இனி சீட்டு ஆராய்ச்சி. அச்சீட்டின் முதலெழுத்துகளால் 'பிஏஎஃப்' என்று வழங்கும் அந்தப் பிக்கப்புகளே இன்று மூலச்சுவடியின் இடத்தில் வைத்துப் போற்றப்படுகின்றன. காப்புரிமை 1959இல் கிடைத்துவிட்டது; விண்ணப்பச் சீட்டோ அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒட்டப்பட்டே வந்தது. பின்னர் எண் போட்ட சீட்டு வந்தபோது அதிலிருந்த எண் பிக்கப்புக்கு உரியதே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெற்ற, தந்தியைப் பிடித்துவைக்கும் டெயில்பீஸ் ஒன்றின் காப்புரிமை எண் அது. போட்டியாளர்களைத் திசைதிருப்பச் செய்தது என்பது ஒரு சாரார் உரை. குமாஸ்தா பிழை என்பது மற்றொரு சாரார் உரை. இருதரப்பும் உடன்படும் செய்தி ஒன்றுண்டு: சீட்டு மாறிய காலத்தை ஒட்டிய பிக்கப்புகளில், உள்ளே ஒரே சரக்கு இருந்தாலும் பழைய சீட்டுக்குத்தான் விலை அதிகம். கம்பியையும் காந்தத்தையும் காது கேட்கலாம். சீட்டைக் கேட்க முடியாது.

நிறம் இதனினும் வலுவான சான்று. 1959 வாக்கில் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் சில சுருள்களின் சட்டங்கள் கிரீம் நிறத்தில் வந்தன. தொழிற்சாலையில் யாரும் கவலைப்படவில்லை, மேலே உலோக மூடி வரப்போகிறது. பிற்காலத்தில் மூடியைக் கழற்றிய வாசிப்பாளர்கள் அந்த நிறத்தைக் கண்டார்கள். அன்றிலிருந்து கிரீம் நிறத்துக்கு ஒரு தனி இனிமை ஏற்பட்டுவிட்டது. மாற்றுப் பிக்கப் வியாபாரத்தின் முன்னோடியான டிமார்சியோ நிறுவனம், இரண்டு சுருளும் கிரீமாக இருக்கும் தோற்றத்துக்கு அமெரிக்காவில் வணிகமுத்திரையே வைத்திருக்கிறது. ஒலிக்கு அப்படி ஒரு முத்திரை வாங்க அது முயன்றதாகத் தெரியவில்லை. எது விற்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

'நாங்கள் நிறம் பார்ப்பதில்லை, ஓம் பார்க்கிறோம்' என்பாரும் உளர். இவர்களே அறிவியல் நெறியினர். பிக்கப்பின் மின்தடை 8 கிலோஓம் என்றால் சாது, 16 என்றால் முரடு என்பது இவர்கள் துணிபு. சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி மாடல் பிக்கப் ஏறக்குறைய 16 கிலோஓம் காட்டுவதால் அது இவர்களுக்கு மேற்கோள். மறுப்பு: கம்பி மெலிந்தால் சுற்று கூடாமலே ஓம் கூடும். காந்தம் அல்நிக்கோ இரண்டா, ஐந்தா, செராமிக்கா என்பது மீட்டரில் தெரியாது. ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கும் ஒத்ததிர்வு உச்சம் எங்கே விழும் என்பதைச் சுருளின் தூண்டலும், அதோடு சேரும் கேபிளின் கொள்திறனும் முடிவுசெய்கின்றன. ஓம் எண் அதைச் சொல்லாது. அன்றியும் செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். மார்கழிக் காலையில் 8 கிலோஓம் இருந்த பிக்கப், பத்து டிகிரி கூடிய சித்திரை மதியத்தில் 8.3 காட்டும். 'இன்னும் ஹாட்டான பிக்கப் வேண்டும்' என்று அலைபவர் கத்திரி வெயில்வரை பொறுத்தால் கொஞ்ச தூரம் இலவசமாகவே போகலாம்.

இலவசம் என்ற சொல் வந்துவிட்டதால் ஸ்குரூ டிரைவரையும் சொல்லவேண்டியிருக்கிறது. பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகைத் திருகினால் அது தந்திக்கு அருகே வரும், அல்லது விலகும். அருகே வந்தால் ஒலி தடித்து முன்னே வரும். விலகினால் தெளிந்து காற்றோட்டம் பெறும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் மிக அருகே கொண்டுபோனால் காந்தமே தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். பலர் 'மோசமான பிக்கப்' என்று ஒதுக்குவது இதைத்தான். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட்டை 250 கிலோஓமிலிருந்து 500க்கு மாற்றினாலே மேல்சுரங்கள் பளிச்சிடும். நீளக் கேபிளைக் குட்டையாக்கினாலும் அப்படியே. இவற்றைச் செய்துபார்த்த பிறகும் புதுப் பிக்கப் தேவைப்படுவோர் உண்டு. ஒற்றைச் சுருளின் கூர்மையை எந்தத் திருகும் ஹம்பக்கரின் தடிமனாக்காது. எனினும் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகவே நடத்துகிறார்கள். திருகுவதற்குச் செலவில்லை, செலவில்லாததை நண்பர்களிடம் காட்டமுடியாது.

மாற்றியபின் ஒலி மாறியதா என்பது கடைசி வினா. பிக்கப் மாற்றத் தந்திகளைக் கழற்றவேண்டும்; கழற்றிய பழந்தந்தியை மறுபடி போடுவார் யாருமில்லை. ஆகவே புதுப் பிக்கப்போடு புதுத் தந்தியும் ஏறுகிறது. புதுத் தந்தி எதிலும் பளபளவென்றுதான் ஒலிக்கும். ஒலியின் நுண்குணத்தைக் காது நினைவில் வைத்திருப்பது சில நொடிகள். சால்டரிங் வேலைக்கு ஆவது குறைந்தது அரைமணி. ஒப்பிட வேண்டிய இரண்டில் ஒன்று மறந்துபோயிற்று, மற்றொன்றில் தந்தி வேறு. இந்நிலையில் 'ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்' என்று தீர்ப்புச் சொல்பவர், விலைச்சீட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்பது பெறப்படும்.

எஞ்சுவது கழற்றிய பழைய பிக்கப். அதை விற்பதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை. என்றைக்காவது அந்த டோன் தேவைப்படலாம். சில மாதங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும். பிறகு உரியவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். நல்ல பிக்கப் வீணாகிறதே என்பார். அதைப் பொருத்துவதற்கு ஏற்ற கிட்டார் ஒன்றின் விலை என்ன என்று விசாரிக்கத் தொடங்குவார்.