பேக்கப் எங்கே? பீரோவில்!

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மன்னார்குடி

கே: பேரப்பிள்ளைகளின் படமும் வீடியோவுமாக 3 டெராபைட் சேர்ந்துவிட்டது. பென்ஷன்காரிக்குக் கட்டுப்படியாகிற வழி உண்டா?

ப: 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் பீரோவில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில். தீபாவளிக்கு அவர் வரும்போது டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தனுப்புங்கள், அதிரசத்தோடு.

பீட்டர் கிரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கையைக் கடித்தால் நடுவில் இருக்கும் 2-ஐத் தளர்த்திக்கொள்ளலாம். கடைசி 1-ஐ மட்டும் விடவே கூடாது.

இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டு. 2015-லேயே இரண்டு டிஸ்க் வைத்திருந்தவன் நான். இரண்டையும் ஒரே மேசையின் அடி இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்த டிசம்பரில் அடையாறு எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், மரம் ஊதி இழுப்பறை அசையவில்லை. சுத்தியலால் தட்டித் திறந்தோம். மார்க்கர் பேனாவில் ‘பேக்கப்’ என்று எழுதியிருந்தது மட்டும் அழியாமல் இருந்தது.

ஐ.டி. ஊழியர், கோவை

கே: இந்தக் காலத்தில் ஹார்டு டிஸ்க்கா? கிளவுடில் போட்டால் முடிந்தது!

ப: முடியட்டும், எப்போது முடியும் என்று பார்ப்போம். 40 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் 2 டெராபைட் ஏற, ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல். நடுவில் கரண்ட் போகாது என்று உங்கள் ஊரில் யாராவது உத்தரவாதம் கொடுத்தால் சரி. வாடகையும் வருஷா வருஷம் கட்ட வேண்டும். கூகுள் போட்டோஸ் எல்லையில்லாமல் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்ததை 2021 ஜூன் 1-ஆம் தேதி நிறுத்தியது நினைவிருக்கும்.

அதைவிட முக்கியம்: பல பேர் பேக்கப் என்று நினைப்பது வெறும் சிங்க். போனில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும், அவ்வளவுதான். நிழலைக் காவலுக்கு வைத்த கதை.

மலிவான கிளவுடும் இருக்கிறது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ், அமெரிக்கக் கணக்கில் டெராபைட்டுக்கு மாதம் ஏறத்தாழ 1 டாலர். ஆனால் கேட்டதும் கிடைக்காது. 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஒரு டெராபைட்டைத் திரும்ப இறக்க 80 டாலருக்குக் குறையாது. பரண் மாதிரி. ஏற்றுவது சுலபம், இறக்குவதற்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். வீடு எரிந்தால் மட்டும் தொடுவேன் என்கிற மூன்றாவது பிரதிக்கு நல்ல இடம்.

கல்லூரி மாணவர், திண்டுக்கல்

கே: 2 டெராபைட் பென்டிரைவ் 599 ரூபாய்க்கு விளம்பரம் வருகிறதே?

ப: அதில் பென் உண்டு, டிரைவ் சந்தேகம். உள்ளே இருப்பது சில ஜி.பி. சிப். ‘நான் 2 டெராபைட்’ என்று கணினியிடம் பொய் சொல்ல அதைப் பழக்கியிருப்பார்கள். நிறைந்த பிறகும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், பழையதன் தலையிலேயே புதியதை எழுதும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்துப் பாருங்கள்.

குடும்பத் தலைவி, திருச்சி

கே: 2 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். கணினி 1.81 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: இல்லை, பாவம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. கடைப்படி வேறு, வீட்டுப்படி வேறு.

கல்யாண வீடியோக்காரர், தஞ்சாவூர்

கே: எஸ்.எஸ்.டி. வாங்கி லாக்கரில் வைத்துவிடலாமா?

ப: எடிட்டிங்குக்கு வாங்குங்கள், லாக்கருக்கு வேண்டாம். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதற்குள் இருக்கும் மின்னூட்டம் கசிந்து தகவல் போகலாம். தூங்கவைப்பதற்குப் பழைய சுழலும் டிஸ்க்தான் நல்லது, விலையும் குறைவு. அதையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஓடவிடுங்கள். ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பவர்களால்தான் ரெக்கவரி கடைகள் பிழைக்கின்றன.

தமிழாசிரியர், குடந்தை

கே: நம் முன்னோர் பேக்கப் எடுத்தார்களா?

ப: எடுத்ததால்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஓலையைச் செல்லரிக்கும் என்று தெரிந்து, தேயத் தேயப் புது ஓலையில் எழுதிவைத்தார்கள். பல ஊர்களில் பல சுவடிகள் இருந்ததால்தான் உ.வே.சாமிநாதையர் ஒப்பிட்டுப் பார்த்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது. ஒரே இடத்தில் இருந்தவற்றின் கதி? கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் ஹோமத் தீயில் போனதை அவரே எழுதியிருக்கிறார்.

சினிமா ரசிகர், சேலம்

கே: பெரிய கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை அல்லவா?

ப: 1998-ல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை யாரோ ஒரு கட்டளையில் அழித்துவிட்டார்கள். பேக்கப்பைத் தேடினால், அது சரியாக வேலையே செய்யவில்லை. பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்த்த கலின் சூஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. போர்வை சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். உங்கள் மகள் வீட்டு டிஸ்க்குக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா, மன்னார்குடி அம்மா?

வங்கி ஊழியர், நாகர்கோவில்

கே: எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றிப் பீரோவில் பூட்டிவிட்டேன். இனி நிம்மதிதானே?

ப: பூட்டியபின் எப்போதாவது திறந்து பார்த்தீர்களா? 2017-ல் கிட்லேப் நிறுவனம் தவறுதலாகத் தன் தகவலை அழித்தபோது, தாங்கள் வைத்திருந்த ஐந்து பேக்கப் முறைகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்றிரவு டிஸ்க்கைச் செருகி, நடுவில் கிடக்கும் ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். ஓடினால் எனக்கு எழுத வேண்டாம்.