ப்ளூ டிக்கும் ஆஃபர் லெட்டரும்

வேலைக்குச் சிபாரிசு வாட்ஸ்அப்பில் ஓடுகிறதே, ஆஃபர் லெட்டரும் அதிலேயே வந்தால் என்ன குறைந்துவிடும்?

நோட்டீஸ் பீரியட் குறையாது. அந்த லெட்டரை நம்பிப் பழைய வேலையை விட்டவரின் தூக்கம்தான் குறையும்!

சிபாரிசுக்கு வாட்ஸ்அப் பொருத்தமே. நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாகவே வேலைச் செய்தி அதிகம் வருகிறது என்று 1973-லேயே எழுதினார் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். அப்படிப்பட்டவரைத் தொடர்புகொள்ள நாலு வரி போதும். (ரெஸ்யூமேயை மட்டும் மெயிலில் கொடுங்கள், ஹெச்.ஆருக்குத் தள்ளிவிட அவருக்கும் சுலபம்.) ஆஃபர் கதை வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே இரண்டு நாள் கழித்தும் அதை அழித்துவிடலாம்; உங்களுக்கு மிஞ்சுவது ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி. வெளியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு வந்து சேர்ந்த மெயிலை அப்படிப் பிடுங்க முடியாது.

‘வாட்ஸ்அப்பும் சட்டப்படி செல்லுமே’ என்பீர்கள். செல்லும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு, மின்னணு வழியில் நடந்தது என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லக்கூடாது என்கிறது. ஆனால் அனுப்பியது கம்பெனிதானா என்று நிரூபிப்பது உங்கள் பாடு. டிபி-யில் லோகோ ஒட்ட யாராலும் முடியும். மெயிலிலும் போலி உண்டு. ஆகவே அட் குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘டெபாசிட் கட்டு’ என்று யாராவது கேட்டு, நீங்கள் கட்டியும் தொலைத்திருந்தால், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள்.