பத்து

1989-ல் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டில் நாங்கள் ஏழு பேர். சட்டம் பாட்டியுடையது. மடிப் புடவையைக் கொம்பால் எடுத்து உயரக் கொடியில் உலர்த்துவாள். அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. சாதத்தைத் தொட்ட கையால் மோர்ச் சட்டியைத் தொட்டால், "பத்துடா! கையலம்பிண்டு வா." பத்து சாதத்திலிருந்து கைக்கு வரும், கையிலிருந்து அலமாரிக் கதவுக்கு, கதவிலிருந்து அடுத்தவன் கைக்கு. தண்ணீரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். உயிர்வேதியியல் படித்த எனக்கு ஒரே சிரிப்பு. கண்ணுக்கே தெரியாத ஒன்று இப்படி ஊர் சுற்றுமா?

எங்கள் விஞ்ஞானத்துக்கு அப்போது எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தின் லால்ஜி சிங், கட்டுவிரியன் இனப் பாம்பொன்றில் கண்ட டி.என்.ஏ. துண்டை வைத்தே மனிதர்களைப் பிரித்தறிந்தார்; குழந்தை யாருடையது என்ற வழக்கில் தலசேரி நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். தொண்ணூறுகளில் நான் ஒரு தடயவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது ரத்தக்கறை எட்டணா அகலமாவது இருந்தால்தான் கையில் எடுப்போம். கதிரியக்கம் ஏற்றி, எக்ஸ்ரே ஃபிலிமோடு வைத்து, நாள்கணக்கில் காத்திருப்போம். "கொசு நசுக்கின அளவு அனுப்பியிருக்கான்" என்று அலுத்துக்கொண்டு திருப்பி அனுப்பியதும் உண்டு.

டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வந்து அந்தக் கொசு அளவையும் மலையாக்கியது. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. ஆறு பிகோகிராம் சொச்சம். பிகோ என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒருவர் தொட்ட பொருளிலேயே அவர் டி.என்.ஏ. கிடைக்கும், அது அடுத்தவர் கைக்கும் தாவும் என்று 1997-ல் ஆஸ்திரேலியாவின் வான் ஊர்ஷாட்டும் ஜோன்ஸும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பாட்டி 'நேச்சர்' வாங்கியதில்லை.

அன்று ஆள் கிடைக்காமல் திண்டாடினோம். இன்று ஆள் மிஞ்சித் திண்டாடுகிறோம். ஜெர்மனியில் 2007-ல் ஹைல்ப்ரானில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ.க்கு உரிய பெண் ஆஸ்திரியா, பிரான்ஸ் வரை குற்றம் செய்துகொண்டே போனாள். 2009-ல்தான் தெரிந்தது, அவள் குற்றவாளியே அல்ல, பரிசோதனைப் பஞ்சுக்குச்சி தயாரித்த இடத்தில் வேலை பார்த்தவள் என்று. நானும் ஒருமுறை மூன்று நாள் ஓர் ஆசாமியைத் தேடினேன். கடைசியில் அது நான். மாஸ்க்கை இறக்கிவிட்டு டீ சொன்னதன் பலன்.

இப்போது எனக்குத் தலைக்குத் தொப்பி, கைக்கு இரட்டை உறை, உடம்புக்கு மடியாக ஓர் அங்கி. பி.சி.ஆர். முடிந்த அறைக்குப் போனவர் அன்றைக்கு பி.சி.ஆருக்கு முந்தைய அறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பாட்டி வேலைக்கார அம்மாளுக்கென்று ஒரு தனி தம்ளர் வைத்திருந்தாள். அந்தத் தீட்டு மட்டும் எந்தக் கருவியிலும் தென்படவில்லை. மற்றபடி கிழவி கெட்டிக்காரி.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பெண் சாம்பிளைத் தொட்ட கையுறையோடு ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தாள். என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்: "பத்து!"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இல்லியே சார், பதினொண்ணு ஆவுது."