முன்குடுமியும் மூன்று கோல்களும்: ஓர் ஆய்வு

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோ நசாரியோவின் புகழுக்குக் காரணம் அவருடைய கால்கள்தாம் என்பது இதுவரை அறிஞர்கள் கொண்டிருந்த முடிபு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. காரணம் நெற்றிக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கிறது. (போர்ச்சுகல் ரொனால்டோ இந்த ஆய்வில் இடம்பெறமாட்டார். அவருடைய தலைமுடி எப்போதும் ஒழுங்காக இருக்கும், ஆய்வுக்கு உதவாது.)

2002 உலகக் கோப்பை. ஜூன் 21 அன்று இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் 70-வது நிமிடத்திலேயே ரொனால்டோ வெளியே அழைக்கப்பட்டார். தொடைத் தசையில் வலி. சாதாரண ஆளாக இருந்தால் விட்டுவிடுவார்கள். 1998 இறுதியாட்டத்தன்று வலிப்பு கண்டவர், 2000-ல் ரோமில் களமிறங்கிய சில நிமிடங்களிலேயே முழங்கால் போய் அலறி விழுந்தவர் ஆயிற்றே! நிருபர்கள் கால், கால் என்று துளைத்தெடுத்தார்கள்.

அடுத்த பயிற்சிக்கு அவர் வந்த கோலம் ஆய்வாளர் கவனத்துக்குரியது. தலை முழுக்க மழித்திருந்தது. முன்னால் மட்டும் அரைவட்டமாய் ஒரு திட்டு முடி. கோயிலுக்குக் கொண்டுபோகும் தேங்காயில் குடுமி விட்டு உரிப்போமே, அதைச் சற்று முன்னால் தள்ளி வைத்ததுபோல. அத்தோடு தொடையை எல்லோரும் மறந்தார்கள். பேச்சை மாற்றத்தான் அப்படிச் செய்ததாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நம் முன்னோர் கண்ட உண்மை ஜப்பானில் மெய்ப்பிக்கப்பட்டது.

பிரேசில்காரர்கள் அதைக் 'காஸ்காவ்' வெட்டு என்றார்கள். காஸ்காவ், மவுரிசியோ டி சோசாவின் படக்கதையில் தண்ணீரைக் கண்டாலே ஓடும், குளிக்காத பையன்.

இனிக் கணக்கு. குடுமியில்லா ஆட்டங்கள் ஐந்து, கோல்கள் ஐந்து. குடுமியோடு ஆடியவை இரண்டு, கோல்கள் மூன்று: சைத்தாமாவில் துருக்கிக்கு எதிராகக் கால்விரல் நுனியால் தட்டிவிட்ட ஒன்று, யோக்கஹாமா இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு. ஜெர்மன் கோல்காப்பாளர் ஆலிவர் கான் அதுவரை ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தார். அப்படிப்பட்டவர் ரிவால்டோ அடித்த பந்தை நெஞ்சோடு அணைக்கப் போய் நழுவவிட, ஓடி வந்த குடுமி அதை உள்ளே தள்ளியது. ஆட்டத்துக்கு ஒன்று என்பது ஒன்றரையானது. இதற்கு மேலும் சான்று கேட்பவர் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லாதவர்.

ஒரு சங்கடம் உண்டு. 2003 ஏப்ரலில் ஓல்டு டிராஃபர்டில் ரியல் மாட்ரிட்டுக்காக அவர் மூன்று கோல் அடித்துவிட்டு வெளியேறியபோது, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று தலையில் குடுமி இல்லை. இத்தகைய தகவல்களை அடிக்குறிப்புக்குத் தள்ளுவதே ஆய்வு மரபு. இக்கட்டுரையில் அடிக்குறிப்பு கிடையாது.

பார்த்த பிள்ளைகளெல்லாம் அதே குடுமியோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய அம்மாக்களிடம் ரொனால்டோ பல ஆண்டு கழித்து மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பில் ஆலிவர் கானின் பெயர் இல்லை.