எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்

புதுக் கார் டெலிவரி. 'எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி இன்னிக்கே போட்டுடுங்க சார்' என்கிறார்கள். போடவா?
- வாசகர், திண்டுக்கல்

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நிற்பவர் எதற்கும் தலையாட்டுவார் என்று ஷோரூமுக்குத் தெரியும். நீட்டிப்பு என்பது அசல் வாரன்ட்டி முடிந்த பிறகுதான் வேலைக்கு வரும். மாருதியே 2024 ஜூலையில் 2 ஆண்டு, 40,000 கி.மீ. என்று இருந்ததை 3 ஆண்டு, 1 லட்சம் கி.மீ. ஆக்கிவிட்டது. அசல் காலம் முடிவதற்குள் நீட்டிப்பை வாங்கிக்கொள்ளப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. தள்ளிப்போட்டால் விலை ஏறலாம். எவ்வளவு ஏறும் என்று எழுதி வாங்குங்கள். கார் லோனோடு சேர்த்துவிட மட்டும் விடாதீர்கள். கெடாத கியர்பாக்ஸுக்கு ஐந்து வருஷம் வட்டி கட்டுவீர்கள்.

என்னென்ன கெட்டால் கொடுப்பார்கள்?
- வாசகி, தேனி

கம்பெனி செய்த தப்புக்குக் கொடுப்பார்கள். நீங்கள் ஓட்டித் தேய்த்ததற்குக் கிடையாது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர் எல்லாம் இரண்டாவது ரகம். கிளட்சில் காலை வைத்தபடியே கொடைக்கானல் ஏறுகிறவர்கள் கவனிக்க. ஏசி கம்ப்ரஸர், டர்போ, இன்ஜெக்டர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டாஷ்போர்டில் டிவி மாதிரி உட்கார்ந்திருக்கும் திரை, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் இ.சி.யூ. இவைதான் பில்லில் பல்லைக் காட்டும் சாமான்கள். உங்கள் காரில் இவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, தருகிற காகிதத்தில் 'இவை சேராது' என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். அந்தக் காகிதம் கார் கம்பெனியுடையதா, டீலரோ வேறு யாரோ தருவதா என்பதையும் பாருங்கள். டீலர் கடையை மூடினால் அவர் தந்த காகிதத்தை வைத்து வடைதான் மடிக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு?
- வாசகர், வேளச்சேரி

2015, 2023 இரண்டையும் பார்த்த ஊர்க்காரர் கேட்கிறீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜின் வாரன்ட்டியில் வராது. அதற்கு இன்ஷூரன்ஸில் 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாக எடுக்க வேண்டும். அது இருந்தாலும், முங்கிய காரைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள்.

எலி ஒயரைக் கடித்தால்?
- வாசகர், மன்னார்குடி

எலி உற்பத்திக் குறைபாடு அல்லவே!

நிறைய ஓட்டுகிறவனுக்குத்தானே நீட்டிப்பு லாபம்?
- வாசகர், கோவை

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வாரன்ட்டிக்கு வருஷம், கிலோமீட்டர் என்று இரண்டு கடிகாரம். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. நீங்கள் வாரா வாரம் சென்னை போய் வந்தால், ஒரு நடைக்கு ஆயிரம் கி.மீ. வைத்து, வருஷத்துக்கு ஐம்பதாயிரம். ஐந்தாண்டு, 1.2 லட்சம் கி.மீ. என்று விற்கிற நீட்டிப்பு இரண்டரை வருஷத்தில் தீர்ந்துவிடும். கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் மட்டும் வண்டி எடுப்பவரோ, எதுவும் தேயாமலே காலத்தைக் கடத்திவிடுவார். ஆட்டோமேட்டிக் கார், வருஷத்துக்குப் பதினைந்து இருபதாயிரம் கி.மீ., ஏழெட்டு வருஷம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

எங்கள் தெரு மெக்கானிக்கிடம் சர்வீஸ் விட்டால் வாரன்ட்டி போய்விடுமா?
- வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் போய்விடும். ஆகவே கம்பெனி சர்வீஸ் பில்லையும் நீட்டிப்பின் விலையோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே, அதில் இந்த மிரட்டலும் ஒரு விஷயம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதற்கு மட்டும் சர்வீஸ் தவறியதில்லை.

க்ளெய்மை மறுத்தால்?
- வாசகி, கடலூர்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கிவருவார்கள். இல்லையென்றால் 1915, நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

நீங்கள் போட்டிருக்கிறீர்களா?
- வாசகர், திருச்சி

இல்லை. என் காரில் கெடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. பின் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அதைச் சுற்றுவதற்காகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.