மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா

கணினித் துறையில் இருப்பதாக வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே நடப்பது வேறு. காலையில் ஒரு மீட்டிங்கில் உட்காருவேன்; மாலையில் அந்த மீட்டிங்கைப் பற்றிய மீட்டிங்கில் உட்காருவேன். கணினி என்னிடம் பாஸ்வேர்டு கேட்கும், நான் மறந்துவிட்டது என்பேன். எங்கள் உறவு அத்தோடு சரி. இப்பேர்ப்பட்டவன் சிந்தசைசருக்கு புரோகிராம் எழுதக் கிளம்பினால் வீட்டார் தடுத்திருக்க வேண்டும். தடுத்தார்கள். கேட்கிற ஜாதகம் எனக்கு இல்லை.

வாங்கியது ரோலண்ட் எஸ்ஸி-55. 1991-ல் வெளிவந்த பெட்டி, எனக்கு வந்தது செகண்ட் ஹேண்டில். பெட்டியைத் திறந்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்த மனைவி, "கட்டையெல்லாம் எங்கேங்க?" என்றாள்.

"இதுக்குக் கட்டையே கிடையாது. நம்பரா அனுப்பினா அதுவே வாசிக்கும்."

"ஓ, வாசிக்கத் தெரியாதவங்க வாங்குறதா?"

இவ்வளவு சுருக்கமான அறிமுகம் பெட்டியோடு வந்த புத்தகத்தில்கூட இல்லை.

அந்த நம்பர்களுக்குப் பெயர்தான் மிடி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கம்பெனியின் சிந்தசைசர் இன்னொரு கம்பெனி சிந்தசைசரோடு பேசாது. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ காகெஹாஷியும் முன்னின்று ஒரு பொது மொழிக்கு வழி செய்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600-ஐயும் ஜூப்பிட்டர்-6-ஐயும் ஒரே கேபிளில் இணைத்து, இதில் அழுத்தினால் அதில் சத்தம் வருவதைக் காட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2013-ல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. போட்டியாளர்கள் ஒரே மொழி பேச ஒப்புக்கொண்டதற்கே இரண்டு விருது தந்திருக்கலாம்.

அந்தக் கேபிளில் சங்கீதம் ஓடுவதில்லை. உத்தரவு மட்டுமே ஓடுகிறது. "இந்தச் சுரத்தை இவ்வளவு வேகமாக அழுத்து", "விடு", "வாத்தியத்தை மாற்று". விநாடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு காவல் பிட் சேர்த்துப் பத்து பிட் ஆகிறது. ஆக விநாடிக்கு 3,125 பைட். ஒரு சுரத்தை ஒலிக்கச் சொல்ல மூன்று பைட் போதும். ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் உத்தரவு போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் வீட்டில் "காபி" என்ற உத்தரவு அந்த வேகத்தில் எந்தக் காலத்திலும் போய்ச் சேர்ந்ததில்லை.

எங்கள் கல்யாண நாளுக்கு ஷெனாய் வாசிக்கவைப்பது என் முதல் திட்டம். ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியங்கள், ஷெனாய்க்கு 112. அனுப்பினேன் 112. வந்தது கிணுகிணுவென்று மணி. உள் அறையிலிருந்து மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்து, "கற்பூரம் காட்டியாச்சா?" என்றார். மனிதர்களுக்கான பட்டியல் 1-லிருந்து 128 வரை. கம்பியில் ஓடும் எண் 0-விலிருந்து 127 வரை. ஷெனாய் வேண்டுமென்றால் 111 அனுப்ப வேண்டும். நான் அனுப்பிய 112-க்குப் பெட்டியின் கணக்கில் 113-ஆவது வாத்தியம்; அதுதான் மணி. மாமியாரின் பக்தியைக் கெடுக்க மனமில்லாமல் ஒரு சூடம் ஏற்றி முடித்தோம்.

அடுத்து ஹெக்ஸாடெசிமல் வந்து சேர்ந்தது. நடு சி சுரத்தின் எண் 60. அதே சுரத்தை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது; ஆனால் 60 என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தால், புத்தகத்தில் அந்த 60-ஐ 3சி என்று அச்சடித்திருந்தார்கள். அதை ஒலிக்கச் சொல்லும் முழு உத்தரவு "90 3சி 64". அந்த 64-ம் அறுபத்துநாலு இல்லையாம், நூறாம். பக்கத்துக்குப் பக்கம் எண்ணுக்கு நடுவே எழுத்துகள். ஒரு மாலை முழுவதும் இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஊஞ்சலில் இருந்த மாமனார் பொறுக்க முடியாமல் பேப்பரை மடித்தார்.

எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா விருதுநகர்ப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை அந்தக் கடையில் அணாக் கணக்குப் போட்டு வளர்ந்த கை மாமாவுடையது.

"என்ன மாப்பிள்ளை, ரொம்ப நேரமா சிரமப்படுறீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. இதுல பத்துக்குப் பத்து கிடையாது. பதினாறு ஆனாத்தான் அடுத்த இடத்துக்குப் போகும். பத்துக்கு ஏ, பதினொண்ணுக்கு பி, அப்படியே பதினஞ்சுக்கு எஃப்."

"பதினாறு அணா ஒரு ரூபா. இதுல என்ன சிரமம்? அந்த 3சி-ங்கிறது?"

"சி-ன்னா பன்னிரண்டு…"

"மூணு ரூபா பன்னிரண்டு அணா. அறுபது அணா. 64-ன்னா ஆறு ரூபா நாலு அணா, நூறு அணா. இது சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே!"

அந்தச் சின்னப் பிள்ளைக்கு என் சம்பளத்தைக் கொடுத்திருக்கலாம் என்று மனைவி நினைத்தது எனக்குக் கேட்டது.

அன்றைக்கே மிடி முழுவதும் அணாக் கணக்கில் அடங்கிவிட்டது. ஒரு பைட்டில் 256 வகை. அணாவாக எண்ணினால் பூஜ்யத்திலிருந்து பதினைந்து ரூபாய் பதினைந்து அணா வரை. எட்டு ரூபாயும் அதற்கு மேலும் வந்தால் உத்தரவு. ஏழு ரூபாய் பதினைந்து அணா வரை, அதாவது 7எஃப் வரை, உத்தரவோடு வரும் விவரம். விவரத்துக்கு 127-க்கு மேல் இடமில்லாமல் போனது இதனால்தான். உத்தரவுக்குள்ளும் ஒழுங்கு உண்டு: ரூபாய் என்ன செய்வதென்று சொல்லும், அணா எந்தச் சேனல் என்று சொல்லும். எட்டு ரூபாய் என்றால் சுரத்தை விடு, ஒன்பது என்றால் ஒலி, பன்னிரண்டு என்றால் வாத்தியத்தை மாற்று, பதினான்கு என்றால் சுருதியை வளை. முதல் சேனலுக்குச் சில்லறை பூஜ்யம். ஜெனரல் மிடியில் தாளத்துக்கு ஒதுக்கியது பத்தாம் சேனல். ஆகவே தாளம் தட்ட ஒன்பது ரூபாய் ஒன்பது அணா. ஷெனாய்க்கு ஆறு ரூபாய் பதினைந்து அணா.

இந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டென்று காட்ட, பெட்டியின் அமைப்புகளையெல்லாம் புதுசுபோல ஆக்கும் நீண்ட செய்தியை எடுத்து வைத்தேன்: "எஃப்0 41 10 42 12 40 00 7எஃப் 00 41 எஃப்7". எஃப்0-வில் தொடங்கி எஃப்7-இல் முடியும் இவை சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் ரகம். ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவியோடு தனியாகப் பேசிக்கொள்ளும் வழி. இதில் இரண்டு 41 இருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. முதல் 41 ரோலண்டுக்கு ஒதுக்கிய எண். "அது கடைப் பேரு" என்று மாமா அதைத் தள்ளிவைத்தார். கடைசி 41 செக்சம், அதாவது கணக்குச் சரிபார்ப்பு. விதியை வாசித்துக் காட்டினேன்: முகவரியையும் விவரத்தையும் கூட்டு, 128-ஆல் வகு, மீதியை 128-இலிருந்து கழி.

நான் போனில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மாமா பேப்பர் ஓரத்தில் எழுதிவிட்டார். "40-ன்னா நாலு ரூபா. 7எஃப்-னா ஏழு ரூபா பதினஞ்சு அணா. கூட்டினா பதினொண்ணு ரூபா பதினஞ்சு அணா. உங்க 128-ங்கிறது எட்டு ரூபா. அதைத் தள்ளினா மூணு ரூபா பதினஞ்சு அணா மிச்சம். அதை எட்டு ரூபாயில கழிச்சா நாலு ரூபா ஒரு அணா. 41. சரக்கும் சீட்டும் ஒத்துப்போச்சு."

சுருதி வளைக்கும் உத்தரவிலாவது அவர் தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். அதில் ஒரே விவரம் இரண்டு பைட்டாகப் பிரிந்து வரும், சின்ன பாகம் முதலில். வளையாத நடு நிலை "00 40". அதன் மதிப்பு 8192. "எட்டு ரூபாய்க்கு ஒரு கட்டு. சில்லறை இல்லாம அறுபத்துநாலு கட்டு" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டார்.

அவர் தூங்கிய பிறகுதான் ஆபத்து வந்தது. சர்ச் ஆர்கனில் ஒரு சுரத்தை ஒலிக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். லேப்டாப் அதற்குள் கண்ணயர்ந்துவிட்டது. எட்டு ரூபாய் உத்தரவு போய்ச் சேராததால், பெட்டி யாரோ கட்டையை அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைத்து ஊதிக்கொண்டே இருந்தது. ஆர்கனுக்கு மூச்சு வாங்காது. இதற்கு மருந்து "பி0 7பி 00", எல்லாச் சுரங்களையும் நிறுத்து. பதினொரு ரூபாய், ஏழு ரூபாய் பதினொரு அணா, பூஜ்யம். இதை நான் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தபோது மனைவி சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி முடித்திருந்தாள். அவளுடைய முறைக்கு ஹெக்ஸும் வேண்டாம், செக்சமும் வேண்டாம்.

2020-இல் மிடி 2.0 வந்துவிட்டது. சுரத்தை அழுத்தும் வேகத்துக்கு 128 படி இருந்தது 65,536 படியாகிவிட்டது. மாமாவிடம் சொன்னேன். "நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு ரூபாயா? அப்ப பெரிய வியாபாரம்தான்" என்றார். ஆனாலும் பழைய பெட்டிகளும் பழைய உத்தரவுகளும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இந்தத் துறையில் இறங்கப்போகும் குடும்பஸ்தர்களுக்கு மூன்று வார்த்தை. வாத்தியப் பட்டியலில் உள்ள எண்ணில் ஒன்றைக் கழித்து அனுப்புங்கள். இரவு பத்துக்கு மேல் ஆர்கனைத் தொடாதீர்கள். அணாக் கணக்குத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், புத்தகத்தைப் புரட்டுமுன் அவரிடம் போய் உட்காருங்கள்.